வெயில் யாரைக் கொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் இந்தக் கேள்விகளும் கூடவே வந்துவிடும். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் இருக்கிறது. சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வெயில் எல்லாக் காலத்திலும்தான் அடித்தது. இப்போது என்ன புதிதாக?

அடித்தது உண்மைதான். கத்திரி என்று மே 4 முதல் 28 வரை நாள் குறித்து வைத்திருக்கிற ஊர் இது. (அது பஞ்சாங்கக் கணக்கு, வானிலைத் துறை அதைப் பார்ப்பதில்லை.)

ஊர் ஏரியில் தண்ணீர் கலிங்குக்கு நாலடி கீழே நின்றால், பெருமழை பெய்தால்தான் கலிங்கு வழியும். அதே தண்ணீர் அரையடி கீழே நின்றால் சாதாரண மழைக்கே வழிந்துவிடும். மழை அதே மழைதான், நிற்கிற மட்டம்தான் ஏறியிருக்கிறது. வெயிலிலும் நடந்திருப்பது இதுவே. நிலக்கரியும் பெட்ரோலும் பெருவாரியாக எரிக்கத் தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடப் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 1.3 டிகிரி செல்சியஸ் ஏறிவிட்டது. 2024ஐ மட்டும் தனியாக எடுத்தால் ஏற்றம் ஒன்றரை டிகிரியைத் தாண்டியது. இந்தச் சராசரியில் கடலும் சேர்த்தி. நாம் குடியிருக்கிற நிலப்பரப்பு அதைவிட அதிகமாகவே சூடாகியிருக்கிறது.

‘ஒன்றரை டிகிரிதானே’ என்று தோன்றும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் தந்த கணக்கைப் பாருங்கள். பழைய உலகில் 10 ஆண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், 1 டிகிரி ஏறிய உலகில் 2.8 மடங்கு அடிக்கடி வருகிறது. 50 ஆண்டுக்கு ஒருமுறை வந்தது 4.8 மடங்கு. ஏற்றம் 2 டிகிரியைத் தொட்டால் அந்த ஐம்பதாண்டு வெயில் 14 மடங்கு அடிக்கடி வரும். சராசரியில் சின்ன மாற்றம், உச்சத்தில் பெரிய மாற்றம்.

குறிப்பிட்ட ஒரு வெப்ப அலைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

‘இதுதான் காரணம்’ என்று ஒற்றைக் காரணமாக யாரும் சொல்வதில்லை. கணினியில் இரண்டு உலகங்களை ஓடவிடுவார்கள். ஒன்றில் இன்றிருக்கிற அளவு கரியமில வாயு (நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து காற்றில் சேர்வது, சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது). மற்றொன்றில் ஆலைகள் வருவதற்கு முன்பிருந்த அளவு. இரண்டிலும் ஆயிரக்கணக்கான கோடைகளை ஓடவிட்டு, குறிப்பிட்ட வெயில் எதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். பழைய வெப்பநிலைப் பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள்.

முதன்முதலில் இப்படிக் கணக்குப் போட்டது 2003 ஐரோப்பியக் கோடைக்கு. மனிதச் செயல்கள் அப்படியொரு கோடைக்கான வாய்ப்பைக் குறைந்தது இரட்டிப்பாக்கிவிட்டன என்று 2004இல் பீட்டர் ஸ்டாட் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இப்போது இந்த வேலை சில நாளில் முடிந்துவிடுகிறது. 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெயிலுக்கான வாய்ப்பைக் காலநிலை மாற்றம் 30 மடங்கு கூட்டியிருந்தது என்றது ‘வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்’ என்ற விஞ்ஞானிகள் குழு. 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி அடித்ததே, அதற்கு இதே குழு சொன்னது: காலநிலை மாற்றம் இல்லாமல் அப்படி நடந்திருக்க ஏறக்குறைய வழியே இல்லை. குளிர்நாடு என்று நாம் நினைக்கிற கனடா அது.

இந்தியா மற்ற இடங்களைவிடக் குறைவாகத்தான் சூடாகியிருக்கிறது என்கிறார்களே?

சரிதான். ஆனால் காரணம் மகிழ்ச்சி தருவதாக இல்லை. வடஇந்திய வானத்தில் மிதக்கிற புகையும் தூசும் வெயிலின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. கங்கைச் சமவெளியின் பாசன வயல்களிலிருந்து ஆவியாகும் நீரும் பகல் சூட்டைக் கொஞ்சம் தணிக்கிறது. நுரையீரலைக் கெடுக்கிற புகை வெயிலுக்குக் குடை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றைச் சுத்தப்படுத்தியே ஆகவேண்டும். செய்தால் மறைந்திருக்கிற சூடு வெளியே வரும்.

வெப்ப அலை என்று எப்போது அறிவிப்பார்கள்?

சமவெளியில் பகல் வெப்பநிலை 40 டிகிரியாவது, கடற்கரையில் 37ஆவது, மலையில் 30ஆவது இருக்க வேண்டும். அது வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். 6.4க்கு மேல் கூடினால் கடும் வெப்ப அலை. 45ஐத் தொட்டால் வழக்கம் என்ன என்று பார்க்காமலே அறிவிக்கலாம்.

இந்த எண்கள் எல்லாம் நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் எடுத்தவை. நீங்கள் தார்ச்சாலையில் ஸ்கூட்டரில் நிற்கும்போது உடம்பில் விழுகிற சூடு அந்த எண்ணில் இல்லை. அளக்கிற கருவியும் சிலசமயம் காலை வாரும். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி பரவியது. பிறகு பார்த்தால் அந்த உணர்கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருந்தது. இந்தியாவின் உச்சம் இன்னும் 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரிதான்.

வெயில் உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது?

உடம்பு 37 டிகிரியில் நிற்கப் பார்க்கும். சூடு ஏறினால் அதற்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ரத்தத்தைத் தோல் பக்கம் தள்ளும். வியர்வையைச் சுரந்து ஆவியாக விடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு போகும். அற்புதமான ஏற்பாடு, ஆனால் கூலி கேட்கும். தோலுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்க வேண்டும். வியர்த்த தண்ணீர் ரத்தத்திலிருந்து போனது என்பதால், இருக்கிற குறைந்த ரத்தத்தை வைத்தே அது அதிக வேலை செய்கிறது. தோலுக்குப் போன பங்கு குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் குறைகிறது.

ஏற்கெனவே பழுதுபட்ட இதயம் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. சாவுச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று இருக்கும். பொய்யில்லை. ஆனால் பாதிக் கதைதான்.

உடல் சூடு 40ஐத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தன்னிலை இழந்தால் அது வெப்பத்தாக்கு. ஆஸ்பத்திரியில் ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்பார்கள். அந்த நிலையில் குடல் சுவர் கசிந்து கிருமி நச்சு ரத்தத்தில் கலக்கும், ரத்தம் கண்ட இடத்தில் உறையும், ஈரலும் சிறுநீரகமும் வரிசையாகப் படுக்கும். வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலில் உழைத்து விழுந்தவர் தொப்பலாக வியர்த்த நிலையிலும் அதே ஆபத்தில் இருக்கலாம்.

சென்னையில் 38, வேலூரில் 42. எது மோசம்?

கொடியில் போட்ட துணியைப் பாருங்கள். வேலூர் வெயிலில் அரைமணியில் முறுக்காகக் காயும். கடலோரப் புழுக்கத்தில் சாயங்காலம் வரை ஈரம் போகாது. துணி காயாத காற்றில் வியர்வையும் காயாது. வழிந்து கீழே சொட்டும், உடம்பு குளிராது. அதனால் சில நாள் சென்னையின் 38தான் மோசம்.

இதை அளக்க ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று உண்டு. அது காட்டுகிற எண் 35ஐத் தொட்டால் நல்ல ஆரோக்கியமான ஆளும் நிழலில், சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010இல் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது எல்லை 31க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. முதியவர்களுக்கு இன்னும் கீழே. ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூமி சூடாவது புழுக்கத்தையும் சேர்த்தே கூட்டுகிறது.

பகல் வெயிலைவிட ராத்திரிதான் முக்கியம் என்கிறார்களே, ஏன்?

மே மாதம் இரவு பதினொரு மணிக்கு, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல வெதுவெதுப்பாக இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே இறக்குகிறது. பகலெல்லாம் ஓடிய இதயத்துக்கு ஓய்வு கிடைப்பது ராத்திரியில். அது கிடைக்காமல் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று போகும்போதுதான் சாவு கூடுகிறது. 2008 முதல் 2019 வரை சென்னை உட்பட இந்தியாவின் 10 நகரங்களைப் பார்த்த ஓர் ஆய்வில், கடும் வெப்பம் ஒரு நாள் இருந்தால் அன்றாட இறப்பு சுமார் 12 விழுக்காடு கூடியது. ஐந்து நாள் தொடர்ந்தால் சுமார் 33 விழுக்காடு.

கரியமில வாயுப் போர்வை பகலில் மட்டும் வேலை செய்து ராத்திரி லீவு எடுப்பதில்லை. கான்கிரீட் அதோடு கூட்டுச் சேர்கிறது. 2024 ஜூனில் ஒரு நாள் டெல்லியில் விடியற்காலையில்கூட வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

அப்படியானால் வெயிலால் வருடத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்?

நீங்கள் எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இது மழுப்பல் இல்லை, விஷயமே இதில்தான் இருக்கிறது.

அகமதாபாத், 2010 மே. வெப்பநிலை 46.8 டிகிரி வரை போனது. ஆஸ்பத்திரிகளில் ‘வெப்பத்தாக்கு’ என்று எழுதப்பட்ட சாவுகள் கொஞ்சம்தான். பிறகு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். என்ன காரணம் என்று எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அந்த மாதம் நகரில் மொத்தம் எத்தனை சாவு பதிவாகியிருக்கிறது என்று மாநகராட்சிப் பதிவேட்டில் எண்ணினார்கள். முந்தைய, பிந்தைய ஆண்டு மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். 1,344 பேர் கூடுதல். வழக்கத்தைவிட 43 விழுக்காடு. வழக்கமாக நாளொன்றுக்குச் சுமார் 100 சாவு பதிவாகும் நகரத்தில், மே 21 அன்று ஒரே நாளில் 310. இடிந்த கட்டடம் இல்லை, வெள்ளம் இல்லை, புகைப்படம் எடுக்க எதுவும் இல்லை. அவரவர் வீட்டில், அவரவர் கட்டிலில்.

இதற்கு ‘கூடுதல் இறப்பு’ முறை என்று பெயர். 2003இல் பிரான்சில் சுமார் 15,000, ஐரோப்பா முழுக்க 70,000க்கு மேல் என்பதும், 2022 கோடையில் ஐரோப்பாவில் சுமார் 61,000 என்பதும் இப்படி மொத்தச் சாவுக் கணக்கிலிருந்து வந்தவை. உலகம் முழுக்க 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4,89,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. ஏறக்குறைய பாதி ஆசியாவில்.

இந்தியாவில் 2024 கோடையில் 40,000 பேருக்கு மேல் வெப்பத்தாக்கு இருக்கலாம் என்று பதிவானது. இறந்ததாக அப்போது சுகாதாரத் துறை கணக்கில் வந்தவர்கள் நூற்றுச் சொச்சம். ஒரே நகரத்தில் ஒரே மாதத்தில் 1,344 என்பதைப் பார்த்த பிறகு அந்த நூற்றுச் சொச்சத்தை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெயில் குறைவாகக் கொல்கிறது என்று அந்த எண் சொல்லவில்லை. நாம் குறைவாக எழுதிவைக்கிறோம் என்றுதான் சொல்கிறது.

அந்தச் சாவுகளில் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு?

43 நாடுகளில் 732 இடங்களின் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, 1991 முதல் 2018 வரை கோடை வெப்பத்தால் நேர்ந்த சாவுகளில் 37 விழுக்காடு மனிதர் உண்டாக்கிய சூட்டால் கூடியவை என்றது. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 2025 ஜூன் கடைசியில் பத்து நாள் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையில் 12 நகரங்களைக் கணக்கெடுத்து, சுமார் 2,300 சாவுகளில் 1,500 காலநிலை மாற்றத்தின் கணக்கில் வரும் என்று லண்டன் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வெப்பநிலையில் அது சேர்த்தது இடத்துக்கு இடம் 1 முதல் 4 டிகிரி. தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிற உடம்புக்கு அந்த இரண்டு மூன்று டிகிரிதான் கடைசி அடி.

குளிரில்தான் அதிகம் பேர் சாகிறார்கள், சூடாவது நல்லதுதானே?

முதல் பாதி உண்மை. உலக அளவில் குளிரோடு தொடர்புள்ள சாவுகள் வெப்பச் சாவுகளைப்போலப் பல மடங்கு. ஆனால் குளிர்ச் சாவு மெதுவாகக் குறைய, வெப்பச் சாவு கூடிக்கொண்டு போகிறது. அங்கே மிச்சமாகிறவரும் இங்கே போகிறவரும் ஒரே ஊர்க்காரர்களும் இல்லை. ஆஸ்லோவில் ஒரு பாட்டி குளிருக்குத் தப்பினார் என்பதற்காக நாகப்பட்டினத்துக் கொத்தனார் ஆறுதல் அடைய வேண்டுமா என்ன?

யார் இறக்கிறார்கள்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 வெப்பத்தில் 619 பேர் இறந்தார்கள். 98 விழுக்காட்டினர் வெயிலில் நின்றவர்கள் இல்லை, வீட்டுக்குள் இருந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயது கடந்தவர்கள். பாதிக்கு மேல் தனியாக வாழ்ந்தவர்கள். பிரான்சிலும் 2003 ஆகஸ்டில் இதே கதைதான். பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். பாரீஸில் சவக்கிடங்கு போதாமல், பக்கத்தில் இருந்த மொத்தக் காய்கறிச் சந்தையின் குளிர்க்கிடங்கைத் திறக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. வெளியே நின்றே ஆக வேண்டியவர்கள். சித்தாள், செங்கல் சூளைக்காரர், உப்பளத்தில் வாருகிறவர், டெலிவரிப் பையன். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் அரசு விருது விழாவுக்கு வந்த கூட்டம் மணிக்கணக்கில் திறந்த வெளியில் உட்கார்ந்திருந்தது. 14 பேர் இறந்தார்கள். 2024 ஜூன் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் தேர்தல் பணியில் இருந்தவர்களே 33 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது.

கைக்குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 2010 அகமதாபாத்தில், ஏசி இல்லாத ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது, கூரைக்கு நேர் கீழே. வெப்பம் 42ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் தீவிரச் சிகிச்சைக்கு வந்த பச்சைக் குழந்தைகள் 43 விழுக்காடு கூடினார்கள். பிறகு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை, கட்டிலை இறக்கினார்கள், அவ்வளவுதான். வெப்பத்தால் வந்த சேர்க்கை 64 விழுக்காடு குறைந்தது.

அரசின் வெப்பத் திட்டங்களால் பயன் உண்டா?

ஒழுங்காகச் செய்தால் உண்டு. 2010இல் வாங்கிய அடிக்குப் பிறகு அகமதாபாத் 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல்நாளே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை. 45ஐத் தொட்டால் சிவப்பு. ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டி தயார். குடிசைப் பகுதிக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பு. ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் தப்பியதாகப் பின்னால் மதிப்பிட்டார்கள்.

மற்ற ஊர்களில்? 2023இல் நாடெங்கும் 37 திட்டங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று முறையாக ஆராய்ந்தவை இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. மிச்சமெல்லாம் ‘மோர் குடியுங்கள், குடை பிடியுங்கள்’ வகை. மோரில் குற்றமில்லை. ஆனால் நாள் கூலிக்காரருக்குப் பகல் 12 முதல் 3 வரை வேலையை நிறுத்தி அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று எழுதாத திட்டம், திட்டம் ஆகாது.

ஏசி போட்டால் தீர்ந்ததா? ஃபேன் போதாதா?

ஏசி உயிரைக் காக்கும், மறுக்க முடியாது. இந்தியாவில் பெரும்பாலான வீடுகளில் இல்லை, இருக்கிற வீடு தன் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது, மின்சாரம் போனால் எல்லோரும் ஒன்று. ஃபேன் 40 டிகிரிக்குக் கீழே நல்லது. அதற்கு மேல் அது உடம்புக்குச் சூட்டைத்தான் ஊதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்போது தோலை நனைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கண்ணெதிரே ஒருவர் மயங்கி விழுந்தால்?

108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. நிழலுக்கு இழுங்கள், சட்டையைக் கழற்றுங்கள், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. உழைப்பில் விழுந்த இளவயதுக்காரர் என்றால் குளிர்ந்த நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்குவதுதான் சிறந்தது. தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தொடாது.

வீட்டில் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர், மனநல மாத்திரை எடுக்கிறவர் இருந்தால் கோடைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவையுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் நிவாரணம் உண்டா?

உண்டு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்று அதிகாரபூர்வமாகத் தெரிய வேண்டும், ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதிய சீட்டு அங்கே இடிக்கும். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும்போதே உடல் சூட்டை அளந்து சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே விழுந்தார், எவ்வளவு நேரம் வெயிலில் வேலை பார்த்தார், அல்லது எந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பு ஆறிவிட்டால் அந்த எண் திரும்பக் கிடைக்காது.